"நான் வெற்றியாளர்" என்று கண்ணாடி முன் சொன்னால் வாய் கூசுகிறது. உங்களில் யாருக்காவது இது பலித்ததா?

டோம்பிவிலி லோக்கல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பத்து நாளாக மனதில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பதை இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மும்பையில் மரோல் நாக்கா பக்கம், சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் 11 வருடமாக வேலை செய்கிறேன். டோம்பிவிலியில் ஃபாஸ்ட் லோக்கல் பிடித்து, காட்கோபரில் இறங்கி மெட்ரோ மாறிப் போக வேண்டும். டீம் லீட் பதவி இரண்டு முறை கிட்டே வந்து நழுவிவிட்டது. இரண்டு முறையும் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். "வேலை சுத்தம், ஆனால் முன்னால் வந்து பேசுவதில்லை" என்று அப்ரைசலில் எழுதியிருந்தது.

போன மாதம் ஆபீசில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வந்தவர், தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் வெற்றியாளர், தலைமை தாங்கவே பிறந்தவள்" என்று 21 நாள் சொல்லச் சொன்னார். முதல் மூன்று நாள் உற்சாகமாகத்தான் இருந்தது. நான்காம் நாளிலிருந்து, சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளே ஒரு குரல் "ரெண்டு தடவை தள்ளிட்டாங்களே, அப்புறம் என்ன வெற்றியாளர்?" என்று கேட்க ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் பாத்ரூமிலேயே அழுதுவிட்டேன். அதோடு நிறுத்தினேன். இதைக்கூட 21 நாள் செய்ய முடியவில்லையே என்று இப்போது அந்த வருத்தமும் சேர்ந்துகொண்டது.

அதே பதவிக்கு அடுத்த மாதம் மறுபடி உள் நேர்காணல் வருகிறது. இப்படிச் சொல்லிச் சொல்லி உண்மையிலேயே முன்னுக்கு வந்தவர்கள் இருக்கிறீர்களா? நான் எங்கே தப்பு செய்தேன்?

மாட்டுங்கா மாமி

குழந்தே, அழுததற்கு வெட்கப்படாதே. சொல்வதை நிறுத்தவும் வேண்டாம். வாக்கியத்தை மட்டும் மாற்று.

இது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அரிசி டப்பா காலியானால் "இல்லை" என்று சொல்ல என் அம்மா விடமாட்டாள், "நிறைஞ்சு போச்சு, வாங்கணும்" என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை "அணை" என்று சொல்லக்கூடாது, "மலையேத்து" என்று சொல்ல வேண்டும். வாசலில் இறங்கும்போது யாரும் "போறேன்" என்பதில்லை, "போயிட்டு வரேன்" தான். விளையாட்டுக்கு "நான் உருப்பட மாட்டேன்" என்றால்கூட, மேலே போகிற ததாஸ்து தேவதை "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிடும் என்று வாயில் ஒரு தட்டு விழும். தேவதை இருக்கிறதா என்பது வேறு பேச்சு. நாக்கைச் சின்ன வயதிலேயே பழக்கினார்கள், அதைச் சொல்கிறேன்.

நான் 1979-ல் ஃபோர்ட்டில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். வங்கி ஊழியர்களுக்கான சிஏஐஐபி பரீட்சை பாஸ் பண்ணினால் இன்கிரிமென்ட். இரண்டு தடவை கோட்டை விட்டேன். கைக்குழந்தை, கூட்டுக் குடும்பம், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் திறக்க முடியும். மூன்றாவது தடவை அம்மா மாட்டுங்கா ஸ்டேஷன் வரை கூடவே வந்தாள். "நீ படிச்சதைத்தான் கேக்கப் போறா. எழுதிடுவே" என்றாள். ஹாலில் பேப்பர் கைக்கு வரும்வரை அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாஸ் ஆனேன். அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும்வரை, ஆடிட் வரும் ஒவ்வொரு நாள் காலையிலும் எனக்கு அந்த வாக்கியம்தான்.

தாராவி 90 அடி ரோடு

மாமி சொன்னதை மதிக்கிறேன். என் அனுபவம் வேறு மாதிரி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு தாராவி வந்தவர். நான் தோல் பை தைக்கும் பட்டறை நடத்துகிறேன். 2020 ஊரடங்கில் ஆர்டர் மொத்தமும் நின்றது. நான்கு மிஷின், ஒன்றும் ஓடவில்லை. அந்த நேரத்தில் ஆன்லைனில் ஒருத்தர் வகுப்பு எடுத்தார். 18,000 ரூபாய் கட்டினேன், மனைவியின் வளையலை வைத்து. "பணம் என்னை நோக்கி வருகிறது" என்று தினமும் நூறு தடவை எழுத வேண்டும். லிங்கிங் ரோட்டில் என் ஷோரூம் திறப்பு விழா நடப்பதுபோல் கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். சந்தேகம் கேட்டால், "உங்கள் நம்பிக்கையில்தான் ஓட்டை" என்பார். ஆறு மாதத்தில் ஐந்து நோட்டு முடிந்தது. அந்த ஆறு மாதத்தில் நான் ஒரு கடைக்காரருக்குக்கூட போன் போடவில்லை. பணம்தான் தானாக வரப்போகிறதே என்று மனசு திருப்தியாக உட்கார்ந்துவிட்டது. அந்தத் திருப்திதான் என்னைக் கெடுத்தது.

பிறகு என் மச்சான் வந்து ஒரு வேலை கொடுத்தான். ஒரு நாளைக்கு ஐந்து கடை, போன் போட்டு "பை வேணுமா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் சயனில் ஒரு ஸ்கூல் பேக் கடைக்காரர் 40 பீஸ் கேட்டார். அங்கிருந்துதான் மறுபடி எழுந்தேன்.

தங்கச்சி, தப்பு உங்கள் பேரில் இல்லை. 11 வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவரைத் தாண்டி வேறொருவருக்குக் கொடுத்தது எதை வைத்து என்று முதலில் கேளுங்கள். கண்ணாடியிடம் கேட்டு அது தெரியாது.

முலுண்ட் வகுப்பறை

கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன், வாரத்தில் இரண்டு நாள் ஆலோசனையும் கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேடம், உங்களுக்கு நடந்தது ஆராய்ச்சியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.

2009-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனதில் ஓடுவதை எழுத வேண்டும், நடுநடுவே மணி ஒலிக்கும்போது "நான் அன்புக்குரிய மனிதர்" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். தன்மதிப்பு ஏற்கெனவே நன்றாக இருந்தவர்களுக்கு மனநிலை சற்று ஏறியது. தன்மதிப்பு குறைந்திருந்தவர்களுக்கோ, சொல்லாதவர்களைவிட மனம் இன்னும் இறங்கியது. யாருக்கு இதை எழுதிக் கொடுக்கிறார்களோ அவர்களையே இது வாட்டியது. நாமே நம்பாத ஒன்றைச் சொல்லும்போது, மனம் அதற்கு எதிரான சாட்சிகளை ஒவ்வொன்றாக அழைத்து வருகிறது. உங்களுக்குக் கேட்ட "ரெண்டு தடவை தள்ளிட்டாங்களே" என்ற குரல் அதுதான். ஒன்பது நாள் அதைத் தாங்கிவிட்டு நிறுத்தினீர்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் எமில் குவே என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர் (1857–1926). மருந்தைக் கொடுக்கும்போது அதைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிக் கொடுத்தால் நன்றாக வேலை செய்கிறது என்று கவனித்து அங்கிருந்து இதற்கு வந்தார். "ஒவ்வொரு நாளும், எல்லா விதத்திலும், நான் மேலும் மேலும் தேறி வருகிறேன்" என்பது அவர் கொடுத்த வாக்கியம். 20 முடிச்சுப் போட்ட கயிற்றை விரலால் உருட்டிக்கொண்டே காலையும் இரவும் 20 முறை சொல்ல வேண்டும். கவனியுங்கள், "தேறி வருகிறேன்" என்றார், "தேறிவிட்டேன்" என்று சொல்லச் சொல்லவில்லை. இன்றைய பயிற்சியாளர்கள் பலர் அந்த நிதானத்தை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் முக்கியம். இப்படி வாக்கியம் சொல்லிக்கொள்வதை அஃபர்மேஷன் என்பார்கள். "அஃபர்மேஷன் ஆராய்ச்சியில் நிரூபணமானது" என்று விளம்பரத்தில் சொல்வார்கள். அந்த ஆராய்ச்சி பெரும்பாலும் வேறொன்றைப் பற்றியது. 1988-ல் கிளாட் ஸ்டீல் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த கொள்கை அது. "நான் சிறந்தவன்" என்று சொல்வதற்கு அதில் இடமில்லை. உங்களுக்கு எது முக்கியம், குடும்பமா, நேர்மையா, கலையா, நட்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் முக்கியம், எப்போது அதன்படி நடந்தீர்கள் என்று எழுத வேண்டும். ஓரிடத்தில் அடி விழும்போது, நம் வாழ்க்கை முழுவதும் அந்த ஓரிடத்தில் இல்லை என்று மனதுக்குத் தெரிகிறது, அதனால் பதறாமல் அந்த அடியைப் பார்க்க முடிகிறது. 2006-ல் ஜெஃப்ரி கோஹனும் சகாக்களும் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இப்படிச் சிறிது நேரம் எழுதவைத்தபோது, கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. பிறகு பெரிய அளவில் செய்த சோதனைகளில் எல்லா இடத்திலும் அதே அளவு பலன் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாராவி அண்ணன் சொன்ன "திருப்தியாக உட்கார்ந்துவிட்டது" என்ற வரியை என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன். 2002-ல் கேப்ரியேல் ஓட்டிங்கனும் டோரிஸ் மேயரும் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடும் பட்டதாரிகளை இரண்டு வருடம் கழித்து மறுபடி விசாரித்தார்கள். நல்ல வேலையில் இருப்பதுபோல் இனிமையாகக் கனவு கண்டுகொண்டே இருந்தவர்கள் குறைவாக விண்ணப்பித்திருந்தார்கள், அவர்களுக்கு வந்த வாய்ப்பும் சம்பளமும் குறைவு. "கிடைக்கும்" என்ற எதிர்பார்ப்பு உள்ளவர்களுக்கு நேர்மாறாக இருந்தது. நம்பிக்கை வேறு, கனவு வேறு.

மாட்டுங்கா மாமி

முடிச்சுக் கயிறா! நம் ஜபமாலைதானே அது.

வாத்தியாருக்கு ஒரு கேள்வி. நம்பாததைச் சொல்லாதே என்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் "எழுதிடுவே" என்று அம்மா சொன்னபோது எனக்கும் நம்பிக்கை இல்லைதான். சொல்லச் சொல்லத்தான் வந்தது. முதலில் நம்பிக்கை, அப்புறம் வார்த்தை என்றால், ஒன்றுமே இல்லாதவர்கள் எங்கே போவார்கள்?

முலுண்ட் வகுப்பறை

நல்ல கேள்வி மாமி, மதியம் முழுக்க யோசித்தேன். உங்கள் அம்மா சொன்னதில் பாதி அப்பட்டமான உண்மை. நீங்கள் படித்திருந்தீர்கள். படித்ததைத்தான் கேட்பார்கள். மனம் மறுத்துப் பேச அங்கே இடமே இல்லை. மீதிப் பாதிதான் நம்பிக்கை, அது அந்த உண்மையின் தோளில் ஏறி உள்ளே வந்துவிட்டது.

கோரேகாவ் நைட் ஷிஃப்ட்

அக்கா, நான் கால் சென்டரில் டீம் பார்க்கிறேன், வயது 26. எனக்கும் "நான் வெற்றியாளர்" மாதிரி வாக்கியமெல்லாம் வராது. எஸ்கலேஷன் கால் (கோபமான வாடிக்கையாளர் மேலாளரைக் கேட்கும் அழைப்பு) வந்தால் மைக் போடுவதற்கு முன் என் பேரைச் சொல்லி, "டேய், நீ இதைவிடப் பெரிய கத்தலெல்லாம் கேட்டிருக்கே, எடு" என்பேன். கூட வேலை பார்ப்பவர்கள் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், இப்போது அவர்களும் செய்கிறார்கள். "நான்" என்று ஆரம்பித்தால் பயம் கூடுகிறது, "டேய்" என்று ஆரம்பித்தால் குறைகிறது. ஏன் என்று தெரியாது.

முலுண்ட் வகுப்பறை

தம்பி, இதைத்தான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் சகாக்களும் 2014-ல் எழுதினார்கள். மேடைப்பேச்சு போன்ற பதற்றமான வேலைக்கு முன் தன்னைத் தானே பேர் சொல்லியோ, "நீ" என்றோ அழைத்துப் பேசிக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைவு, பேச்சும் மேல், முடிந்தபிறகு அதையே நினைத்துக் குமைவதும் குறைவு. ஒரு நண்பனுக்குச் சொல்லும் இடத்தில் நாமே நின்று பார்க்கிறோம்.

அதே வருடம் ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் செய்த சோதனைகளும் உங்கள் நேர்காணலுக்கு உதவும், மேடம். பாட்டு, மேடைப்பேச்சு, கணக்குத் தேர்வு ஆகியவற்றுக்கு முன் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட "ஆர்வமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடக்கும் நெஞ்சைச் சட்டென்று அடக்குவது கடினம். அந்தப் படபடப்புக்கு வேறு பேர் வைப்பது எளிது.

டோம்பிவிலி லோக்கல்

எல்லோருடைய பதிலையும் ரயிலில் படித்துக்கொண்டே வந்தேன். தாணேயில் கூட்டம் ஏறியதுகூடத் தெரியவில்லை.

தம்பி சொன்னதும் எனக்கு ஒன்று பட்டது. "ஐ ஆம் எ வின்னர்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் கூசவில்லை, ஆனால் ஒட்டவும் இல்லை. தமிழில் "நான் வெற்றியாளர்" என்றால் தற்பெருமை பேசுவதுபோல் நாக்கு பின்வாங்குகிறது. எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் "நல்லா வருவே", "நல்லா இரு தாயி", இதெல்லாம் அடுத்தவர்கள் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். நம் ஊரில் நல்ல வார்த்தை எப்போதும் இன்னொருவர் வாயிலிருந்துதான் வருகிறது, இல்லையா?

செம்பூர் காலை நடை

இந்த ஒரு வரிக்காகவே எழுதுகிறேன், அம்மா. வேதாத்திரி மகரிஷி (1911–2006) "வாழ்க வளமுடன்" என்பதை அடுத்தவரைப் பார்த்துச் சொல்லத்தானே பழக்கினார்? தவத்தில் கடைசியில் நமக்குப் பிடிக்காதவரையும் நினைத்து வாழ்த்தச் சொல்வார்கள். அவருடைய அகத்தாய்வுப் பயிற்சியில் யார் மேல் கோபம் என்று தாளில் எழுதிப் பார்க்கவும் வேண்டும். நான் எழுதியபோது முதல் பேர் என் மேலதிகாரியுடையது. ஒரு வருடம் அவரை வாழ்த்தினேன். அவர் மாறினாரா என்று தெரியாது. அவரிடம் போய் நேராக ஒரு விஷயத்தைக் கேட்கும்போது என் குரல் நடுங்குவது நின்றது.

தாராவி 90 அடி ரோடு

வாழ்த்துங்கள், நல்லதுதான். கூடவே ஒரு தாள் எடுங்கள், தங்கச்சி. 11 வருடத்தில் நீங்கள் செய்து கம்பெனிக்கு லாபம் வந்த வேலை எதெது, எந்த வருடம், எவ்வளவு பணம் என்று எழுதுங்கள். நான் பேங்க் கடனுக்குப் போனபோது அப்படி ஒரு தாள்தான் என்னைப் பேசவைத்தது. புகழ்ச்சி வேண்டாம், கணக்கு மட்டும். நீங்கள் கணக்குப் பார்ப்பவர்தானே.

முலுண்ட் வகுப்பறை

அதோடு ஒன்று. "முன்னால் வந்து பேசுவதில்லை" என்ற குறைக்கு "இனி தைரியமாகப் பேசுவேன்" என்று உறுதி எடுத்தால் மறுநாளே மறந்துபோகும். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று இடமும் நேரமும் வைத்து எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் பல வருடம் ஆராய்ந்து, 1999-ல் விரிவாக எழுதிய முறை. உதாரணமாக, ஸ்டேட்டஸ் காலில் (வேலை எந்த அளவில் இருக்கிறது என்று டீம் பேசும் அழைப்பில்) ஏதாவது நிலுவைத் தொகை பற்றிப் பேச்சு வந்தால் உடனே மைக்கை ஆன் செய்து எண்ணை முதலில் சொல்வேன். அவ்வளவு போதும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும்: அழுகையும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் வாக்கியங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

டோம்பிவிலி லோக்கல் (மூன்று வாரம் கழித்து)

வியாழக்கிழமை நேர்காணல் முடிந்தது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அண்ணாச்சி சொன்ன தாளை எழுத இரண்டு ஞாயிறு ஆனது. மொத்தம் எட்டு வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வெண்டர்கள் ஒவ்வொருவரிடமும் பதிவெண் வாங்கி ஏற்றியது நான். 2பி (நமக்கு விற்றவர்கள் காட்டிய வரியைக் காட்டும் ஜிஎஸ்டி அறிக்கை) வந்த பிறகு, மாதாமாதம் பில்லோடு ஒத்துப் பார்த்து விட்டுப்போன வரி வரவைப் பிடித்ததும் நான். எழுதும்போது கையே நின்றுவிட்டது, இவ்வளவும் செய்திருக்கிறேனா என்று.

அப்புறம் மாமி சொன்னது. கடையநல்லூருக்கு அம்மாவுக்குப் போன் செய்து, "அம்மா, எனக்கு என்ன நல்லா வரும்?" என்று கேட்டேன். அம்மா ஏலச்சீட்டு பிடித்தவள், ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து அந்த நோட்டை எழுதியது நான்தான். அம்மா யோசிக்கவே இல்லை. "நீ போட்ட கணக்கு தப்புனதே இல்லையே தாயி" என்றாள். காட்கோபர் மெட்ரோ படியில் ஏறும்போது அதைத்தான் சொல்லிக்கொண்டேன். உள்ளே எந்தக் குரலும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க அதனிடம் ஒன்றும் இல்லை.

உள்ளே போனபோது நெஞ்சு படபடத்தது. ஹிந்தியில் இரண்டு இடத்தில் திக்கினேன். இருந்தாலும் ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணை முதலில் சொன்னேன். கடைசியில், போன இரண்டு முறை எதை வைத்து முடிவு செய்தீர்கள், எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். அறை ஒரு நிமிடம் அமைதியானது. எச்ஆர் மேடம் தருகிறேன் என்றார்கள். முடிவு மாதக் கடைசியில்.

மாட்டுங்கா மாமி

எழுத்தில் கேட்டாயா! என் கண்ணே. நான் 35 வருடத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை.

தாராவி 90 அடி ரோடு

தாளைப் பத்திரமாக வையுங்கள், தங்கச்சி. முடிவு எப்படி வந்தாலும் அடுத்த அப்ரைசலுக்கு அது வேண்டும்.

டோம்பிவிலி லோக்கல்

வைத்திருக்கிறேன் அண்ணாச்சி. நேற்று ஸ்டேட்டஸ் காலில் ஒரு வெண்டரின் நிலுவை பற்றிப் பேச்சு வந்தது. மேனேஜர் கேட்பதற்கு முன்பே மைக்கை ஆன் செய்து எண்ணைச் சொன்னேன். ராத்திரி அதை ஒன்பதாவது வரியாகச் சேர்த்துவிட்டேன்.